மாற்றிக் கொடுத்த அட்டை

எழுபத்திரண்டாம் வருஷப் புத்தாண்டுக் காலை, சைதாப்பேட்டை ஜெபவீட்டில் ஆராதனை முடிந்ததும் தட்டு சுற்றி வந்தது. தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. ஆளுக்கு ஒன்று எடுக்கலாம். அதிலுள்ள வசனம்தான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் அவருக்குச் சொல்லும் வார்த்தை. புஷ்பம் தனக்கு ஒன்று எடுத்தாள். காசநோயோடு வீட்டில் கிடந்த புருஷன் அய்யாதுரைக்காக, கண்ணை மூடி ஜெபித்து இன்னொன்று எடுத்தாள்.

அவளுக்கு வந்தது, நோயைக் குணமாக்குவேன் என்கிற வசனம். கல்லுக்குண்டாட்டம் இருக்கிற இவளுக்கு எதற்கு அது? அவனுக்கு வந்ததோ, உடம்பில் தைத்த முள்ளாய் வாட்டிய உபாதையை எடுத்துவிடும்படி அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் கெஞ்சியும் எடுக்காமல், கிருபையே போதும் என்று ஆண்டவர் சொல்லிவிட்ட வசனம். புஷ்பத்துக்கு இது பொறுக்கவில்லை. ஆண்டவருக்கே கை தவறிவிட்டதென்று முடிவு கட்டி, வீட்டுக்கு வரும் வழியிலேயே இரண்டையும் மாற்றிவிட்டாள். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

அய்யாதுரை அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரியில் போட்டுவந்த ஊசியால் ஏற்கெனவே கொஞ்சம் தேறி வந்தவன்தான். மூன்றாம் ஞாயிறு இருமலை அடக்கிக்கொண்டு சபை நடுவே எழுந்து நின்று, சுகமாகிவிட்டதாகச் சாட்சி சொன்னான். மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

போதகர் வீடு தேடி வந்தார். "மருந்தும் அவர் குடுத்ததுதானேப்பா" என்று மன்றாடினார்.

"சாட்சி சொன்ன வாயி, பாஸ்டர். இனிமே ஊசி போட்டுக்கினா ஆண்டவரு சொன்னது பொய்யின்னு ஆயிடும்" என்றான் அய்யாதுரை.

புஷ்பம் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் நம்பிக்கை போய்விடும், நம்பிக்கை போனால் சுகமும் வராது என்று பயந்தாள், பாவி. உபவாசமிருந்தாள். முழங்கால் தேய ஜெபித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மார்ச்சில் அவன் ரத்தமாகக் கக்கினான். ஆஸ்பத்திரியில் டாக்டரின் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம் அவன் கேட்டான்: "உன் அட்டையில இன்னா வந்துச்சி? ஒரு நாளும் காட்டலியே. படி."

பைபிளுக்குள்ளிருந்து எடுத்து, முள்ளை எடுக்காத அந்த வசனத்தைப் படித்தாள்.

"இது எனக்கு வந்திருக்கக் கூடாதா, புஷ்பம்? எடுக்க மாட்டேன்னு நேரா சொல்லிட்டாரு பாரு. நான் பாட்டுக்கு ஊசிய போட்டுக்கினு, இருமிக்கினே இன்னும் நாலு வருஷம் ஓட்டியிருப்பேன்."

உனக்கு வந்ததுதான்யா அது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் தலையணைக்கடியில் துழாவித் தன் அட்டையை எடுத்து நீட்டினான்.

"இத்த நீ வச்சிக்க. உனக்காவது பலிக்கட்டும்."

வாங்கிக்கொண்டாள். அது அவளுடையதுதான்.