எவ்வளவு ஆச்சு?

நம் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால், செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள், "எவ்வளவு ஆச்சு?" என்று. ஆள் தேறினானா என்பதெல்லாம் அப்புறம். ஆலங்குடிக்குத் தெற்கே முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கிற பூவரசங்காட்டில் மட்டும் அந்தக் கேள்வி கிடையாது. ஆப்பிளும் ரொட்டியுமாக வருவார்கள், தூங்கினாரா, சோறு இறங்கியதா என்று விசாரிப்பார்கள், போய்விடுவார்கள். நோய்க்குக் கொடுத்த காசை ஊர் எல்லைக்குள் வாய்விட்டுச் சொன்னால், கேட்டவரோடு நோயும் எழுந்து போய்விடும் என்று அங்கே நம்பிக்கை.

ராசாத்தி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தென்னந்தோப்புக்காரர் பெரியண்ணன் விஷயம் நடந்தது. நெஞ்சில் அடைப்பு என்று படுத்திருந்தவரிடம், தேங்காய் எடுக்க வந்த வெளியூர் வியாபாரி விவரம் தெரியாமல் கேட்டுவைத்தார். இவரும் தொகையை உளறிவிட்டார். அடுத்த வாரம் பெரியண்ணன் தென்னை மரத்தில் ஏறிக் காய் பறித்தார். வியாபாரியின் லாரி வந்தது, ஓட்டி வந்தவர் வேறு ஆள். அதற்குப் பிறகு பெரியண்ணன் தேங்காயே விற்கவில்லை. அவர் தோப்பில் காய்கள் விழுந்த இடத்திலேயே முளைத்துக் கிடந்தன. ராசாத்தி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நடையை எட்டிப் போட்டாள்.

இப்போது அவள் வீட்டிலேயே நோய். குவைத்திலிருந்து திரும்பிய புருஷன் அடைக்கலத்துக்குக் கிட்னி போய்விட்டது. டயாலிசிஸ் காப்பீட்டுக் கார்டில் இலவசம்தான். வெளியே எழுதிக் கொடுக்கிற ஊசியும் டெஸ்ட்டும், புதுக்கோட்டை வரை போய்வரும் கார் வாடகையும் கார்டில் வருமா? மாடு போனது, வயல் போனது. அடைக்கலத்தின் கால் மட்டும் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே வந்தது. இவ்வளவையும் ராசாத்தியால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பரிமளா வந்தாள். திருக்கோகர்ணத்துப் பெண், சர்வே வேலை. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, காலில் வார் வைத்த செருப்பு. வைத்தியத்துக்கு ஒவ்வொரு வீடும் கைக்காசு எவ்வளவு போடுகிறது என்று ஊர் ஊராகக் கேட்டு வந்தவள், பூவரசங்காட்டில் எல்லா வீட்டிலும் "செலவே இல்லீங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நொந்துபோய் ராசாத்தி வீட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு மாவட்டமும் ஒரு மாதிரிதான்க்கா. ஒரு ஊருல கொஞ்சம், ஒரு ஊருல வீட்டையே வித்துச் செலவு பண்றாங்க. ஒங்க ஊரு மட்டும் சைபர். சைபர்னா இங்க நோயே இல்லேன்னு எழுதிருவாங்க. பக்கத்துல ஒரு டயாலிசிஸ் மிஷினு வரணும்னா யாராச்சும் வாயத் தொறந்து சொல்லணும்ல?"

உள்ளேயிருந்து அடைக்கலம் மூச்சுக்குத் திணறுகிற சத்தம் கேட்டது. பரிமளா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னா கேக்குறவங்களுக்கு ஆகாது தாயி," என்றாள் ராசாத்தி.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. சும்மா சொல்லுங்க."

வேண்டாம் என்று எழுந்து உள்ளே போயிருக்கலாம். ராசாத்தி போகவில்லை. இந்தப் பெண் யார் பெற்ற பிள்ளையோ என்று ஒரு கணம் நினைத்தாள், உள்ளே கேட்ட மூச்சை ஒரு கணம் நினைத்தாள். சொன்னாள். ஊசி, டெஸ்ட்டு, கார், மாடு, வயல், ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது வீட்டுக்குள் சத்தம் நின்றிருந்தது. பதறிப்போய் ஓடினாள். அடைக்கலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"பசிக்குது. சோறு இருக்கா?"

டாக்டர் புது ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு லேபில் ஆள் மாறியிருக்கும் என்றார். மறுபடி ரத்தம் எடுத்தும் அதேதான் வந்தது. அடைக்கலம் குத்தகைக்கு நிலம் பிடித்துக் கடலை போட்டான். ஊரார் வந்து பார்த்தார்கள், எப்படித் தேறினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியண்ணன் மட்டும் ராசாத்தியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவளுக்குச் சோறு உள்ளே இறங்கவில்லை.

கடலை பிடுங்குகிற சமயம், சர்வேயின் மறுவிசாரணைக்குப் பரிமளாவே வந்தாள். முகம் ஊதியிருந்தது. செருப்பின் வார் எட்டாமல் இருபுறமும் தொங்கியது. அப்படியும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

"அக்கா, ஒங்களாலதான் ஒங்க ஊரு கணக்குல ஏறுச்சு. ஆலங்குடிப் பக்கமே மிஷினு வரப்போகுதாம்."

ராசாத்தியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடைக்கலம் கடலைக் கொல்லையில் இருந்தான். நல்லவேளை, அவன் காதில் விழாது. அவள் பரிமளாவின் கையைப் பிடித்து வாசலில் உட்காரவைத்தாள். தெருவில் யாரும் வருகிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"ஒனக்கு எவ்வளவு ஆச்சு தாயி?"

"கேள்வி நாங்கதான் கேக்கணும்க்கா," என்று பரிமளா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அம்மா பயந்துரும்னு வீட்டுல இன்னும் முழுசாச் சொல்லல," என்று ஆரம்பித்தாள். ஸ்கேன், ஊசி, அடகுக்குப் போன சங்கிலி. பாதியில் ராசாத்தியின் கால் விரலை மெட்டி இறுக்கியது. அவள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் இருக்கா? விடாமச் சொல்லு."

எல்லாம் சொல்லி முடித்து எழுந்தபோது, "ஒங்ககிட்டச் சொன்னதுக்கே லேசா இருக்குக்கா," என்றாள் பரிமளா. குனிந்து செருப்பு வாரை இழுத்துப் பார்த்தாள். எட்டியது. மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அடைக்கலம் கொல்லையிலிருந்து வந்தபோது ராசாத்தி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு வந்துட்டுப் போறது?"

"அந்த சர்வே பாப்பா."

"இன்னைக்கு என்ன கேட்டுச்சு?"

"அது ஒண்ணும் கேக்கல. நாந்தான் கேட்டேன்."

அவன் பார்வை அவள் காலுக்கு இறங்கியது. வீங்கிய விரலில் மெட்டி பாதி புதைந்திருந்தது. அடைக்கலம் பூவரசங்காட்டில் பிறந்தவன். உள்ளே போய்ச் சோப்பும் தண்ணீரும் எடுத்து வந்தான். அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல், மெட்டியைச் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தான்.