பேசாத பொத்தான்

"தண்ணி வேணும்" என்று அம்மாவின் குரல் கேட்டதும் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள். அவள் நடுக்கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். காலையில் குளியலறையில் விழுந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

மகள்தான் முதலில் சுதாரித்தாள். மூலையில் சக்கர நாற்காலியில் இருந்த தம்பிக்குத் தண்ணீர் கொண்டுபோய்ப் புகட்டினாள். அவன் பாதியைச் சிந்தி, மீதியைக் குடித்து, மடியிலிருந்த பெட்டியில் இன்னொரு பொத்தானை அழுத்தினான்.

"போதும்மா" என்றது அம்மாவின் குரல்.

பதினேழு வயதாகியும் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. வலது கையின் ஒரு விரல் மட்டும் சொன்னபடி கேட்கும். அந்த ஒரு விரலை நம்பிப் பள்ளிக்கூடத்து டீச்சர் கொடுத்தது இந்தப் பேசும் பெட்டி. பொத்தானுக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு சொல். சொற்களையெல்லாம் அம்மாதான் பதிந்து வைத்திருந்தாள். மீசை முளைத்த பையன் பொம்பளைக் குரலில் பேசுகிறான் என்று தெருவே சிரித்தது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

"அந்தச் சனியனை முதல்ல அமத்தும்மா" என்றார் மாமா. "எங்க அக்கா எந்திரிச்சு உக்காந்து பேசற மாதிரி இருக்கு."

"அமத்திட்டா அவன் எப்படி மாமா பேசுவான்?"

"ஆமா, இத்தனை நாளும் பேசி என்னத்தைக் கிழிச்சான்?"

சாவு வீட்டிலும் மாமாவின் வாய்க்கு ஓய்வு கிடையாது. ஆனால் அப்பா இல்லாத வீட்டில் ஓடியாடிக் காரியம் பார்க்க அவரை விட்டால் வேறு ஆளும் கிடையாது. அது அவருக்கும் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஊருக்கு வெளிய ஒரு இல்லம் இருக்கு. இந்த மாதிரிப் பசங்களுக்குன்னே நடத்துறாங்க. பேசிட்டேன். சாயங்காலம் வண்டி அனுப்புறாங்களாம்."

"இன்னிக்கேவா?"

"நாளைக்குன்னா ராத்திரிக்கு யாரு பாத்துப்பா? நீ பாத்துப்பியா? வளந்த ஆம்பளையைத் தூக்கிக் குளிப்பாட்டணும், துடைக்கணும். சொல்லு, உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் டீ ஆறிவிட்டதா என்று டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் மாடியில் இரண்டே அறை வீடு. அவள் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். காரணங்களுக்குப் பஞ்சமில்லை. காரணங்களுக்கு அடியில் ஆத்திரமும் இருந்தது. அம்மாவின் உயிரெல்லாம் இவன்மேல்தான். இவளுக்குக் கிடைத்ததெல்லாம் 'நீதான் புரிஞ்சுக்கணும்' என்ற ஒரே பேச்சு. பள்ளிக்கூட நாளிலிருந்து புரிந்துகொண்டே வந்து அவளுக்குச் சலித்துப்போயிருந்தது.

"உங்க இஷ்டம் மாமா" என்றாள்.

தம்பிக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் எல்லாவற்றையும் அவன் தலைக்கு மேலேயே பேசி முடித்தார்கள்.

டொக்.

அவன் கடைசிப் பொத்தானை அழுத்தினான். விரித்த கை ஒன்றின் படம். குரல் எதுவும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினான். டொக்.

"பாரு, பெட்டியும் புட்டுக்கிச்சு" என்றார் மாமா.

"கெட்டுப்போகலைங்க." வாசலோரம் நின்றிருந்த டீச்சர்தான் சொன்னாள். "அதுல குரல் பதியலை. அது 'வேணாம்'."

டீச்சர் ஓரெட்டு உள்ளே வந்தாள்.

"எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். 'வேணாம்னு சொல்லப் பழகிட்டான்னா மருந்தை எப்படி டீச்சர் குடிக்க வைக்கிறது'ன்னு அம்மா சிரிச்சிருவாங்க. படத்தைப் பாத்தாலே எங்களுக்குப் புரிஞ்சிரும்னு நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது." டீச்சர் அவளிடம் திரும்பினாள். "பின்னாடி சிவப்புப் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அவன் அந்தப் பொத்தானை அழுத்தினதும் சொன்னாப் போதும். யாரு குரலா இருந்தாலும் பதிஞ்சிரும்."

"இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்" என்று மாமா எழுந்தார். "சுடுகாட்டு வண்டி வந்தாச்சு. ஆளுக்கொரு கை பிடிங்க."

அம்மாவை எடுத்துப்போய், ஆக வேண்டியதை முடித்துவிட்டுத் திரும்பினார்கள். கூட்டம் கலைந்தது. டீச்சரும் போய்விட்டாள். கூடத்தில் தரை கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. அவள் தம்பியின் சட்டைகளையும் மருந்துகளையும் பையில் அடுக்கினாள். இல்லத்து வண்டி தெருவில் வந்து நின்று ஹாரன் அடித்தது. கணவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான்.

டொக். டொக்.

அவள் தம்பியின் முன்னால் மண்டியிட்டாள். பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுச் சிவப்புப் பட்டனை அமுக்கிப் பிடித்தாள். சின்னதாய் ஒரு விளக்கு எரிந்தது. அவன், விரித்த கைப் படத்தின் பொத்தானை அழுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தான். இவ்வளவு ஆசையாக அவளை யாரும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் இன்றைக்கே, வாசல் தாண்டுவதற்குள் அதை அழுத்துவான். அவள் குரலிலேயே கேட்பான். அதற்குப் பிறகு மாமாவின் முகத்தையும் கணவனின் முகத்தையும் அவள்தான் பார்த்தாக வேண்டும்.

வாயைத் திறந்தாள். மூச்சை இழுத்து நிறுத்தினாள். மறுபடி ஹாரன் அடித்தது. பட்டனிலிருந்து கை தானாக நழுவியது. விளக்கு அணைந்தது.

வண்டிக்காரரும் கணவனும் நாற்காலியோடு அவனைத் தூக்கி வண்டிக்குள் ஏற்றினார்கள். ஏற்றி முடிக்கும்வரை பொறுத்திருந்தவன், கடைசிப் பொத்தானை அழுத்தினான். பெட்டியிலிருந்து யாரோ மூச்சை உள்ளிழுத்து, நிறுத்தி, மெல்ல விடும் சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து பதிந்த ஒரு ஹாரனும்.

வண்டிக்காரர் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார்.

"என்னம்மா சொல்றாரு தம்பி?"

"ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

அவர் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தலையைச் சாய்த்து, அந்த மூச்சை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டிருந்தான்.