வடக்குப் பாதியின் பச்சை

"6 ஆகஸ்ட் 2024, செவ்வாய். ஒரு சிறு தவறு. கரும்புக்கு ஏக்கருக்கு நூற்றுப்பத்து கிலோ தழைச்சத்து என்று வகுப்பில் சொன்னதை, நூற்றுப்பத்து கிலோ யூரியா என்று எழுதி வைத்திருக்கிறேன். யூரியாவில் பாதிக்கும் குறைவுதான் தழைச்சத்து. மூன்று தவணையில் இரண்டு வைத்தாகிவிட்டது; அக்கா கரும்புக்கு வேண்டியதில் பாதிகூடப் போகவில்லை."

எழுதி முடித்த இளவேனில், 'சிறு' என்பதை அடித்தாள்.

பகலில் காரைக்காலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் உர வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தவளை நம்பி, குரும்பகரத்தில் அக்கா தையல்நாயகி ஒரு ஏக்கர் பொங்கல் கரும்பு வைத்திருந்தாள். சுற்றிலும் நெல். "என் தங்கச்சி சொல்ற கணக்குதான்" என்று கட்டிய கணவனிடமே மல்லுக்கு நின்றவள். தையில் கரும்பு குட்டையாக நின்றால் எந்த வியாபாரியும் வரப்பில் கால் வைக்க மாட்டான். அதற்குப் பிறகு அக்கா இவள் பேச்சை எதற்கும் கேட்க மாட்டாள்.

இன்னொன்றும் அவளை அரித்தது. கரும்புக் கொல்லையின் தெற்குப் பாதி வெளிறிக் கிடக்க, வடக்குப் பாதி மட்டும் கரும்பச்சையாக நின்றது. 'மண் மாறுகிறதா? வடிகாலா?' என்று போன வாரமே எழுதியிருந்தாள். விடை கிடைக்கவில்லை.

மறுநாள் காலை கடைக்குப் போகும் முன் குரும்பகரத்துக்கு வண்டியை விட்டாள். அக்காவும் அத்தான் கலியமூர்த்தியும் கொல்லையில்தான் இருந்தார்கள்.

"வாங்க யூரியா டாக்டர்! நாளைக்கு மூணாவது ஊசி போட்டுடலாமா?" என்றார் அத்தான்.

இளவேனில் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே தவறைச் சொல்லிவிட்டாள்.

அக்கா வெளிறிய தோகை ஒன்றைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப ரெண்டு தடவையும் பாதிப் பட்டினி போட்டிருக்கோமாடி?"

"ஆமாக்கா."

"சரி, விட்டதையெல்லாம் நாளைக்கே சேத்துக் கொட்டிடுவோம். கொல்லை முழுக்க."

அத்தான் தலையைச் சொறிந்தார். "கொல்லை முழுக்க வேண்டாம் நாயகி."

"ஏன்?"

"ரெண்டாவது உரம் வச்ச மறுநாள், பத்தாதுன்னு பட்டுச்சு, நான் ஒரு மூட்டை யூரியா வாங்கியாந்து போட்டேன். வடக்கால பாதிக்கு."

"எனக்குத் தெரியாமயா?"

"சொன்னா விடுவியா நீ?"

இளவேனில் வரப்பிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். சரிதானா என்று மறுபடி போட்டாள். வடக்குப் பாதிக்கு விட்டுப்போனது ஏறக்குறைய ஒரு மூட்டைதான். அங்கே இன்னும் கொட்டியிருந்தால் கரும்பு கொழுத்து, ஐப்பசி மழைக்கு மொத்தமாகச் சாய்ந்திருக்கும். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவரும் திறந்திருக்க மாட்டார்.

"அத்தான், உங்க கணக்கு சரியா வந்திருக்கு."

"பாத்தியா! இப்ப யாரு டாக்டரு?"

"மூட்டை தீந்துபோச்சு, நிறுத்துனீங்க. அது ஒரு கணக்கா?" என்றாள் அக்கா. ஆனால் குரலில் கோபம் தணிந்திருந்தது. தங்கை பக்கம் திரும்பினாள். "தெற்கால எவ்வளவுன்னு நீ சொல்லு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துட்டுச் சொல்லு."

அன்று மாலை வகுப்பில் கணக்கைக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு எழுதினாள்:

"7 ஆகஸ்ட், புதன். மண்ணில் வித்தியாசம் இல்லை. அத்தான்தான்.

நாளை: வடக்குப் பாதிக்கு மூன்றாம் உரம் மட்டும், சரியான அளவில். தெற்குப் பாதிக்கு அதோடு விட்டுப்போனதில் பாதியும்; மீதி மூன்று வாரம் கழித்து. வேரோரம் வைத்து, உடனே மண் அணைத்து, தண்ணீர் விட வேண்டும். ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்."