உலை வைக்கச் சொன்ன ஊதல்

மதியம் பன்னிரண்டே காலுக்கு எல்லைக்கு அப்பால் கிழக்கேயிருந்து, மேற்குப் பக்கத்து ஊரான பெப்ராவுக்கு ரயில் வரும். ஊருக்கு வெளியே வளைவில் திரும்பும்போது எஞ்சின் ஒருமுறை நீளமாகவும் இரண்டு முறை சுருக்கமாகவும் ஊதும். அப்படி ஊதச் சொல்லி ரயில்வேயின் எந்த விதியிலும் கிடையாது. அதைக் கேட்டதும் இர்ம்கார்ட் உருளைக்கிழங்குப் பானையை அடுப்பில் ஏற்றுவாள். ஒன்பது வருஷமாக இதுதான் நடக்கிறது.

அது அவள் அப்பாவின் ஊதல். கிழக்கே எர்ஃபுர்ட்டில் அவர் எஞ்சின் ஓட்டிய காலத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்த தண்டவாளத்தில் வரும்போது அப்படி ஊதுவார், அம்மா உலை வைப்பாள். எஞ்சினைக் கொட்டகையில் விட்டு, கையெழுத்துப் போட்டு, கரியைக் கழுவிக்கொண்டு அவர் வந்து உட்காரவும் கிழங்கு வெந்து இறங்கவும் சரியாக இருக்கும். அந்தத் தெருவில் எஞ்சின்காரர்களுக்கு ஆளுக்கொரு ஊதல் இருந்தது. தூக்கத்தில் கேட்டாலும் பெண்டாட்டிகள் தங்கள் ஆள் யார் என்று சொல்லிவிடுவார்கள்.

இர்ம்கார்ட் கல்யாணமாகி மேற்கே வந்தாள். பிறகு நாட்டை இரண்டாக்கி நடுவில் வேலி போட்டார்கள். அண்ணன் ஹைனர் அப்பாவின் வேலையோடு அவருடைய ஊதலையும் எடுத்துக்கொண்டான். எல்லை தாண்டும் ரயிலை ஓட்ட வேண்டுமானால் மேற்கே சொந்தக்காரர் இருக்கக் கூடாது. கூடப் பிறந்தவள் இருந்தால் ஓடிப்போய்விடுவானாம்! படிவத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தான். கிழவிகளை மட்டும்தான் அந்தப் பக்கத்திலிருந்து வெளியே விடுவார்கள். அப்படி வந்த, அம்மாவின் பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி அவன் சொன்னதைக் கொண்டுவந்தாள்: "ஸ்டேஷன் பக்கம் வந்துடாதே, கடுதாசியும் போடாதே. நான் ஊதறேன், கேட்டுக்கோ."

இர்ம்கார்ட் சொல் தட்டவில்லை. ஒரே ஒரு முறை மட்டும் மனசு கேட்கவில்லை. மூன்று வருஷம் முன்பு அம்மா போய்விட்டதாக அந்தக் கிழவி பெயரில் தந்தி வந்தது. போக அனுமதி கிடைக்காது. பூக்கடை மூலம் பெரிய மலர்வளையம் அனுப்பினாள், வழக்கப்படி ரிப்பனில் தங்க எழுத்தோடு: 'அம்மாவுக்கு, உன் மகள் இர்ம்கார்ட்.' அதை நினைத்து இன்றுவரை அவளுக்கு ஒரு ஆறுதல்.

இப்போது எழுபத்து மூன்றாம் வருஷம், மே மாசம். புருஷன் எர்வின் பேப்பரை மடித்து வைத்தான்.

"இன்னியோட அந்தப் பக்கத்து நீராவி எஞ்சினும் முடிஞ்சுது இர்மி. நாளைலேர்ந்து டீசல். இனிமே உங்க அண்ணன் பங்குக் கிழங்கையும் சேத்து நான் திங்க வேண்டியதில்லை. இந்தத் தொப்பை யார் போட்டதுன்னு நினைக்கிறே?"

"டீசல் எப்படி ஊதும்?"

"மாடு கத்தற மாதிரி. எல்லாம் ஒண்ணுபோல."

ஊதலும் போய்விட்டால் அண்ணன் இருக்கிறானா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பேச மாட்டேன், பயணி மாதிரி நின்றுவிட்டு வந்துவிடுவேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

ஊதல் வந்தது. கிழங்கு வெந்தது. பானையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். பேசப்போவதில்லை என்றால் பானை எதற்கு என்று அவளையே கேட்டிருந்தாலும் பதில் தெரிந்திருக்காது.

எஞ்சின் திரும்பிப் போகிற வண்டியில் மாட்டி நின்றது. கறுப்பு உடம்பு, அவள் உயரத்துக்குச் சிவப்புச் சக்கரங்கள். ஓட்டுபவன் கீழே இறங்கி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். முப்பது வயசு இருக்கும். சிவந்த தலைமுடி. ஹைனர் இல்லை.

அவன் அவளைப் பார்த்தான். கம்பளிக்கு வெளியே தெரிந்த பானையைப் பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டு, சக்கரத்திடம் பேசுவது போலச் சொன்னான்.

"ஹைனரோட தங்கச்சிதானே? இந்தப் பக்கம் பாக்காதீங்க. அங்க டைம்டேபிளைப் படிக்கற மாதிரி நில்லுங்க."

நின்றாள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

"நான் லோதார். அவருக்குக் கீழ நெருப்புப் போட்டவன். மூணு வருஷமா நான்தான் ஓட்டறேன்."

"அப்போ ஊதினது..."

"நான்தான். 'அவ உலை வைக்கக் காத்திருப்பா, நீ ஊதலைன்னா பயந்துடுவா'ன்னு சொல்லிட்டுப் போனார்."

"எங்க போனான்? உயிரோட இருக்கானா?"

"கல்லு மாதிரி இருக்கார். கண்ணாடி ஃபேக்டரியில ஒரு பழைய எஞ்சினை நிறுத்தி வெச்சு, அதோட ஆவியில கட்டிடத்துக்குச் சூடு குடுக்கறாங்க. அதைப் பாத்துக்கறார். நகராது. ஊதலைக்கூடக் கழட்டிட்டாங்க."

"ஏன் இந்த வண்டிலேர்ந்து எடுத்தாங்க?"

லோதார் எண்ணெய் விடுவதை நிறுத்தினான். சொல்ல வேண்டாம் என்று நினைத்திருப்பான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அம்மா அடக்கத்துக்கு மாலை வந்துதே, ரிப்பன்ல பேரோட. யாரோ படிச்சுப் போய்ச் சொல்லிட்டாங்க."

இர்ம்கார்ட் டைம்டேபிள் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவமெல்லாம் இல்லீங்க," என்றான் அவசரமாக. "அந்த ரிப்பன் இன்னும் அவர் அலமாரியில இருக்கு. நானே பாத்தேன்."

பச்சைக்கொடி காட்ட ஆள் வந்துவிட்டான். லோதார் படியில் ஏறினான். அவள் சத்தியத்தையெல்லாம் மறந்து ஓடி, பானையை நீட்டினாள்.

"எல்லையில கேப்பாங்களே!" என்றாள்.

"என் சாப்பாடும்பேன்." பானையைக் கொதிகலன் முகப்பில், நெருப்புக் கதவுக்கு மேலிருந்த தட்டில் வைத்தான். எஞ்சின்காரர்கள் சோறு சூடாக்கும் இடம் அது. "ஆறாது. நேரா ஃபேக்டரிக்குக் கொண்டுபோறேன்."

"இந்த எஞ்சின்?"

"பழைய இரும்புக்கு உடைக்கப் போறாங்க," என்றான்.

வண்டி கிளம்பியது. புறப்படும்போது அந்த ஊதல் வழக்கமில்லை. ஆனாலும் ஊதினான், நீளமாக ஒன்று, சுருக்கமாக இரண்டு. இர்ம்கார்ட் ஊரார் பார்க்க அழுதாள்.

மறுநாள் பன்னிரண்டே காலுக்கு டீசல் கத்தியது. அவள் கை பானை இருந்த இடத்துக்குப் போய், வெறுமையைத் தொட்டுத் திரும்பியது. கோட்டை மாட்டிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனாள்.

"எத்தனை பேருக்கு வேணும்?" என்றாள் கடைக்காரி. "உங்க வீட்டுல ரெண்டு பேர்தானே?"

"மூணு பேருக்குக் குடுங்க," என்றாள் இர்ம்கார்ட்.