துரையின் போட்டுக்கு மோட்டார்

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்த வெள்ளைக்காரத் துரைக்கு மீன்பிடிக் கிறுக்கு. ஃபாக்டரிக்கு மேலே இருந்த குளத்தில் அவருக்கென்று ஒரு மரப்போட் கிடந்தது. அவருக்கு முன்னால் இரண்டு துரைமாரைச் சுமந்த கிழட்டுப் போட் அது. தார் பூசாத இடமெல்லாம் ஒழுகும். துடுப்புச் சத்தத்துக்கு மீன் ஓடிவிடுகிறதாம். அதனால் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றைச் சீமையிலிருந்து தருவித்து, அதைப் பூட்டும் வேலையை ஃபாக்டரி வயர்மேன் அழகரின் தலையில் கட்டினார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லைட் கேட்டு வருஷக்கணக்காகிறது. மீன் பயப்படக்கூடாது என்றதும் கரண்டு உடனே வந்துவிட்டது.

அழகர் முகம் சுளிக்கவில்லை. பதுளையில் பேட்டரிக் கடை வைத்திருந்த இத்ரூஸ் முதலாளி அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். கடைக்குப் பின்னால் இருக்க ஓர் அறையும் உண்டு. மகள்கள் இருவரும் டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கலாம், கொழுந்துக்கூடை அவர்கள் தலையில் ஏறாது. ஆனால் துரை தோட்டத்துக் கணக்கிலிருந்து பேர் வெட்டி அனுப்ப வேண்டும். சொல்லாமல் கிளம்பிப் போனால் முதலாளியே சேர்க்கமாட்டார். துரைமார் சார்ஜ் போட அனுப்பும் பேட்டரியில்தான் அவர் கடை ஓடுகிறது. துரையைக் கேட்டதற்கு, மோட்டார் ஓடட்டும், பிறகு போ என்றார்.

ஆகவே தான் இல்லாமலே ஓடும்படி அதைப் பூட்டிவிடுவதென்று அழகர் முடிவு செய்தான். லாரி பேட்டரியை நனையாதபடி நடுப்பலகைக்கு அடியில் மரப்பெட்டிக்குள் வைத்தான். வயர்களை ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, போட்டின் ஓரத்தோடு பின்பக்கம் வரை கொண்டுபோய் ஆணியடித்தான். ஃபியூஸ் வைத்தான். மேலே தள்ளினால் ஓடும், கீழே தள்ளினால் நிற்கும் என்று ஒரே ஒரு சுவிட்ச். பங்களாவில் சமைக்கும் கந்தப்பனைக் கூட்டிவந்து, போட் கரையில் கிடக்கும்போதே அதைத் தள்ளிப் பழக்கினான். கந்தப்பனுக்குத் தண்ணீரென்றாலே பயம், இருந்தும் பழகிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் போட்டில் ஏறினார்கள். நடுக்குளம் வரை அழகர் துடுப்புப் போட்டான். துரை கை காட்டியதும் கந்தப்பன் சுவிட்சைத் தள்ளினான். போட் பின்னால் போனது. கந்தப்பன் பதறிப்போய் சாமியைக் கூப்பிட்டான், சுவிட்சை மட்டும் தொடவில்லை. போட் போய்க் கோரைப்புல்லில் சொருகிக்கொண்டது. துரையின் கழுத்து சிவந்தது.

அழகருக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. துரையின் காரானாலும் தோட்டத்து லாரியானாலும், அந்தக் காலத்துச் சீமை வண்டிகளில் வண்டியின் இரும்போடு சேரும் பாடி வயர் பேட்டரியின் பிளஸ்ஸில்தான் போகும். அவன் கை அதிலேயே பழகிய கை. மோட்டாரின் கறுப்பு வயரைப் பாடி வயரென்று நினைத்து அதையும் பிளஸ்ஸில் கொடுத்திருந்தான். இரண்டையும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

ஆனாலும் ஒரு கணம் கை ஓடவில்லை. சரி செய்யாவிட்டால் மோட்டார் ஓடவில்லை என்றாகிவிடும், போக முடியாது. துரையின் கண்முன்னால் சரி செய்வதற்கும் மனசு ஏனோ பயந்தது. சுற்றிலும் தண்ணீர், எழுந்து போகவும் வழியில்லை. சுவிட்சை நிறுத்தி, பெட்டியைத் திறந்து வயர்களை மாற்றிவிட்டு, சுவிட்சைத் தானே மேலே தள்ளினான். போட் சத்தமே இல்லாமல் புல்லை விட்டு முன்னே போனது.

துரை சிரித்துவிட்டார். தூண்டிலை எடுத்துக்கொண்டே தோட்டத் தமிழில் சொன்னார்: "பாத்தியா, ஒன் கை பட்டதும் ஓடுது. கந்தப்பன நம்பி நான் தண்ணிக்குள்ள வர்றதா? நீ எங்கயும் போக வேணாம், அழகர்."

"இதுல ஒண்ணுமில்லீங்க தொரை. நான்தான் வயர மாத்திக் குடுத்துட்டேன். இனிமே சின்னப் புள்ளகூட ஓட்டும்."

மீன் கலையும், பேசாதே என்று துரை விரலை உதட்டில் வைத்தார். குளத்தை எத்தனை சுற்றுச் சுற்றினார்களோ, தெரியாது. அழகர் சுவிட்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

லயத்தில் மனைவி ராசம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வாசலுக்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். மகள்கள் தலைசீவிப் பொட்டு வைத்து நின்றார்கள்.

"என்னாங்க, மோட்டரு ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"நல்லா ஓடுச்சா?"

"ரொம்ப நல்லா ஓடுது, ராசம்மா."

அவன் குரலைக் கேட்டதும் அவள் சாக்கை அவிழ்த்து, சோறாக்கும் பானையை மட்டும் முதலில் வெளியே எடுத்தாள்.