இருப்பதை வைத்துச் சமைத்தவள்

அந்த முதியோர் இல்லத்துச் சமையற்காரியான அவள் எல்லோருக்கும் வழிச்சக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவோடு சரி. பாத்திரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் அதை விரலால் வழித்து எடுக்காமல் கழுவப் போட மாட்டாள். “இவ வழிச்ச சட்டியைத் தேய்க்கவே வேண்டாம், அப்படியே கவுத்து வெச்சிடலாம்” என்று ஒருநாள் அங்கே தங்கியிருந்த பழைய தையற்காரர் சொல்லப்போய், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. தையற்காரர் வாயில் விழுந்தவர்கள் அளவெடுக்காமல் தப்ப முடியாது.

அவளுக்கு அந்தப் பெயரில் வருத்தம் இல்லை. உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

அதனால்தான், சமையற்கட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மேனேஜர் ஒருநாள் காலையில் வாசற்படியில் வந்து நின்று மிச்சம் பிடிக்கிற பேச்சை எடுத்தபோது, அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“அக்கா, ஸ்டோர்ல எவ்வளவு சாமான் கிடக்கு பாத்தீங்களா? மேல மேல வாங்கிக் குவிக்கறோம், அடியில இருக்கறது பூச்சி புடிச்சுப் போகுது. கொஞ்ச நாளைக்கு இருக்கறதை வெச்சே ஓட்டுங்களேன். உங்களால முடியும்.”

“அதைத்தாங்க சார் நான் வந்த நாள்லேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!”

மேனேஜர் சிரித்தார். சட்டைக் கஞ்சி மொடமொடப்பாக, சிரிப்பும் அதே மாதிரி.

அன்றைக்கே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சாக்குகளுக்குப் பின்னால் மறந்துபோயிருந்த பருப்பைப் புடைத்து, சல்லடையில் சலித்து, வெயிலில் காயவைத்தாள். காய்ந்த ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்துக் கெட்டியாக்கினாள். முட்டைக்கோஸின் தண்டை யாரும் சீந்துவதில்லை. அதை மெல்லிசாகச் சீவி வெங்காயத்தோடு வதக்கினாள்; பல் இல்லாதவர்களும் மென்றார்கள். உருளைக்கிழங்குத் தோலை உப்புப் போட்டு முறுக வறுத்து ஒரு தட்டில் வைத்தாள். தையற்காரர் அதற்கு வரிசையில் இரண்டாம் முறை வந்து நின்றார். காய் வேகவைத்த தண்ணீர் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகவில்லை.

சமையற்கட்டு ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு டீச்சர் உட்கார்ந்திருப்பார். கூடப் பிறந்தவர்களோ பிள்ளைகளோ இல்லாமல் இல்லத்துக்கு வந்து சேர்ந்த மனுஷி. பொழுது போகாமல் பயறு பொறுக்கிக் கொடுப்பார்.

“இன்னைக்கு என்ன வித்தை காட்டப் போறே?”

“சொன்னா ருசி போயிடும் டீச்சர்.”

“புல்லைக் குடுத்தாலும் புலாவ் பண்ணிடுவேடி நீ.”

அந்த வார்த்தையை வீட்டுக்குப் போய் நாத்தனாரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். நாத்தனாரும் அதே இல்லத்தில்தான் வேலை. துணி துவைப்பது, தரை துடைப்பது. வீட்டில் அவள் பெயர் சின்னவள். சின்னவள் “ம்” என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

முதல் உறுத்தல் காய்கறி வண்டியால் வந்தது. வழக்கமாக வாசலில் ஹாரன் அடிக்கும் வண்டி அன்று நிற்காமல் கேட்டைத் தாண்டிப் போனது. கையில் கரண்டியோடு தெருவுக்கு ஓடி மறித்தாள்.

“என்னப்பா, எங்களை மறந்துட்டியா?”

வண்டிக்காரர் கொஞ்சம் சங்கடப்பட்டார். “உங்களுக்குத் தெரியாதாக்கா? இனிமே வரவே வேண்டாம்னு உங்க சார் சொல்லிட்டாரே.”

“கொஞ்ச நாளைக்குத்தானே?”

“இல்லக்கா. இனிமேன்னுதான் சொன்னார்.”

மேனேஜரிடம் போய்க் கேட்டாள். வேறு ஆள் பார்த்திருப்பதாக, இதைவிட நல்ல காய் வரும் என்று, அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பதில் சொன்னார். அதற்கு முன் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. திரும்பி நடக்கும்போது, காய் வராதது பெரிதா, உட்காரச் சொன்னது பெரிதா என்று அவளுக்கே தெரியவில்லை.

வேறு ஆள் வரவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பேர் வந்து பெரிய குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். “காலியாத்தானே கிடக்கு, எதுக்கு வீணா கரண்ட்?” என்றார் மேனேஜர். நியாயமாகத்தான் பட்டது. பிறகு, ஆள் இல்லாத அறைகளில் இருந்த கட்டில்கள் போயின. பிறகு காவல்காரரைக் காணோம். ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். கேட்டை டீச்சரின் ஊன்றுகோல் அளவுக்குக்கூட உறுதியில்லாத ஒரு கயிற்றால் கட்டி வைத்தார்கள்.

வீடு காலி செய்கிறவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை மனதுக்குள் ஒரு மூடி போட்டு வைத்தாள். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம். அவளும் நாத்தனாரும் ஒரே கேட்டுக்குள் பிழைக்கிறவர்கள்; அது மூடினால் இரண்டு சம்பளமும் போய் வீட்டு அடுப்பு அணையும். இன்னொன்றும் இருந்தது. சாமான் குறையக் குறைய அவள் கை இன்னும் தேர்ந்தது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த சூப்பு யாருக்கும் தண்ணீராகத் தெரியவில்லை. தாளித்துக் கொட்டும் ஒரு கரண்டி எண்ணெயில் எல்லாவற்றையும் மறைத்துவிடுவாள். வாரம் தவறாமல் அப்பாவைப் பார்க்க வரும் தையற்காரரின் மகன்கூட, “சாப்பாடு முன்னைவிட நல்லா இருக்குன்னு அப்பா சொல்றாரு” என்று அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

டீச்சர் மட்டும் ஜன்னலோரம் வருவது குறைந்தது. வந்தாலும் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினார். கணுக்கால் செருப்புக்குள் நுழையாமல் வீங்கியிருந்தது.

“உப்பு ஜாஸ்தியாப் போட்டுட்டேனா டீச்சர்?”

“உன் கை உப்புக்கு என்னடி குறை. வயசாச்சு, அவ்வளவுதான்.”

இல்லத்தில் இருப்பவர்களின் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வரும் நாள் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய நாள் மேனேஜர் மறுபடி சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, நாளைக்கு அமர்க்களப்படுத்திடணும். ஸ்டோர்ல இருக்கறது மொத்தத்தையும் போட்டுச் செஞ்சிடுங்க. வர்றவங்க வயிறும் மனசும் நெறஞ்சு போகணும். ஒரு மணி அரிசி மிச்சம் இருக்கக் கூடாது.”

“அப்ப மறுநாளைக்கு சார்?”

“அதை நான் பாத்துக்கறேன்.”

சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. காலி அலமாரிகளைப் பார்த்தார், கடையை மூடுகிறவன் கடைசியாக ஒரு சுற்றுப் பார்ப்பதுபோல. அவர் போன பிறகும் அவள் அந்த இடத்திலேயே நின்றாள். மிச்சம் வைக்காதே என்று தன் ஆயுளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! இப்போது அதே சொல் இன்னொருவர் வாயிலிருந்து வந்திருந்தது.

பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சின்னவளிடம் போய்ச் சொன்னாள்.

“நமக்கு எதுக்கு அண்ணி வம்பு?” என்றாள் சின்னவள். பிறகு ஈரப் போர்வையைப் பிடித்தபடியே, “சோப்புத் தூள் தீந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? வெறும் வெந்நீர்லதான் அலசறேன். நீங்க சாயம் வெளுக்காம சமைக்கற மாதிரி, நான் நாத்தம் தெரியாம வெயில்ல காயப் போடறேன்.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லலை?”

“நீங்க சொன்னீங்களா?”

அவள் ஈரப் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக் கொடியில் போட்டாள்.

மறுநாள் காலையில் ஸ்டோரைத் திறந்தாள். நொய்யரிசி கொஞ்சம், பருப்பு ஒரு டப்பாவில் பாதி, முளைவிட்ட உருளைக்கிழங்கு, கொஞ்சம் எண்ணெய், ஒரு பூசணிக்காய். அவள் நினைத்தால் இதை வைத்து ஒரு விருந்தே காட்டிவிட முடியும். கை பழக்கத்தில் பூசணியை எடுத்து, கத்தியையும் எடுத்தது. வந்தவர்கள் சாப்பிடுவார்கள், ஏப்பம் விடுவார்கள், நல்லா பாத்துக்கறாங்க என்று நிம்மதியாக வண்டி ஏறுவார்கள். அவர்கள் தூசி அடங்குவதற்குள் மேனேஜரின் வண்டியும் கிளம்பும்.

கத்தியைக் கீழே வைத்தாள். நொய்யில் ஒரு பங்கை மட்டும் போட்டு, உப்புப் போட்டு, தண்ணீரை மறைக்காமல் கஞ்சி வைத்தாள். தாளிக்கவில்லை. எண்ணெய்ப் பாட்டிலைத் தொடவே இல்லை. மற்றதை அடுத்த வேளைக்கென்று ஒரு அண்டாவில் போட்டுத் துணியால் மூடினாள். ஸ்டோர்க் கதவை விரியத் திறந்து வைத்து, அதன் வாசலிலேயே மேஜையை இழுத்துப் போட்டுப் பரிமாற நின்றாள்.

தட்டை வாங்கிய தையற்காரரின் மகன் முகம் சுளித்தான். “என்னம்மா இது? காய்ச்சல்காரனுக்கு ஊத்தற கஞ்சியா?”

“இதுதாங்க இருக்கு.”

“இதுதான் இருக்குன்னா?”

“உள்ள வந்து பாருங்க. இத்தனை நாளும் இல்லாததை இருக்கறதாக் காட்டினது நான்தான்.”

மேனேஜர் விரைந்து வந்தார். “அக்காவுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்லை, ஏதோ பேசறாங்க. ஹோட்டல்ல சொல்லியிருக்கேன், இப்ப வந்துடும்.”

மகன் அவரைத் தாண்டி உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் போனார்கள். வெறும் தகரத் தட்டுகள், சாக்குகளின் சுருக்கம், எலிகூட விட்டுப் போன மூலைகள். சின்னவள் எங்கிருந்தோ வந்து அண்ணியின் பக்கத்தில் நின்றாள்.

அப்போதுதான், கூடத்து ஓரமாக நின்ற இல்லத்து நர்ஸ் அழ ஆரம்பித்தாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மருந்து அலமாரியைத் திறந்தாள். அட்டைகளில் மாத்திரைகள் வெட்டப்பட்டுப் பாதி பாதியாக இருந்தன. சிலவற்றில் கால் பங்குதான்.

“இருக்கறதை வெச்சு ஓட்டுங்கன்னு சொன்னார். அடுத்த வாரம் வந்துடும், அடுத்த வாரம் வந்துடும்னு... நான் ஆளுக்குப் பாதியாக் குடுத்தேன். இதயத்துக்கு, ரத்தக் கொதிப்புக்கு, எல்லாத்துக்கும்.”

வழிச்சக்காவுக்கு டீச்சரின் கணுக்கால் கண்முன் வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு அறைக்கு ஓடினாள். டீச்சர் படுக்க முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஏதோ கேட்க வாயெடுத்தார், காற்றுதான் வந்தது.

தையற்காரரின் மகனும் அவளுமாக டீச்சரைத் தூக்கி அவன் காரில் ஏற்றினார்கள். கயிற்றை அவிழ்க்கப் போனவன் திரும்பிக் கத்தினான்: கேட் ஏற்கெனவே திறந்து கிடந்தது. மேனேஜரின் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது.

சிலர் அன்றே தங்கள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிலர் வீட்டில் இடம் பார்த்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். அப்படிச் சொன்னவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. மிச்சமாக நின்றவர்களைக் கூடத்தில் ஒன்றாக உட்காரவைத்து, அண்டாவில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து அவள் சமைத்தாள். பூசணியும் பருப்பும் வாசமாகத்தான் வந்தது. “என்ன வழிச்சக்கா, காலையில ஏன் இதைப் பண்ணலை?” என்று தையற்காரர் கேலி செய்யப் பார்த்தார். யாரும் சிரிக்காததால் அவரும் குனிந்து சாப்பிட்டார்.

டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. மற்றவர்களை அதிகாரிகள் வேன் வைத்துப் பல இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். மேனேஜரை எங்கெங்கோ தேடினார்கள். அவர் பெயரே அதுதானா என்பதில் முதலில் சந்தேகம் வந்தது, பிறகு தேடலும் தேய்ந்தது. நர்ஸை அழைத்துக் கேட்டார்கள். சின்னவளை அழைத்துக் கேட்டார்கள். கடைசியாக அவளை அழைத்தார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி கடுமையானவள் இல்லை. தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“நீங்க பண்ணினதாலதான்மா விஷயமே வெளியில வந்தது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இப்படி நடக்குதுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?”

அன்றைய காலையில்தான் தெரியும் என்று சொல்லலாம். யாரும் மறுக்கப் போவதில்லை. சின்னவள் வாசலுக்கு வெளியே நின்று, அப்படியே சொல்லிடுங்க அண்ணி என்று கண்ணால் கெஞ்சினாள்.

“காய்கறி வண்டி நிக்காமப் போன அன்னைக்கே தெரியும்மா,” என்றாள் அவள். “தெரிஞ்சுக்கிட்டேதான் ருசியா சமைச்சேன்.”

அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. “சரிம்மா, நீங்க போகலாம்” என்றாள். வழிச்சக்கா எழுந்திருக்காமல், எழுதாமல் விட்ட அந்தத் தாளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.