ஸ்கார்டா ஆற்றில் நஞ்சு கலந்த நாள்

எங்கள் ஸ்கார்டா ஆற்றில் அந்தப் புழு இருப்பது ஓர் ஆகஸ்ட் மாதம் தெரியவந்தது. சோதனைக்கு வந்த மீன் மருத்துவப் பெண் சால்மன் குஞ்சு ஒன்றை நுண்ணோக்கியின் அடியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். குஞ்சின் துடுப்பைக் கொக்கிகளால் கவ்விக்கொண்டு, நூல் நுனி போல ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு.

"இது முட்டை போடாதுங்க, குட்டி போடும்," என்றாள். "வயித்துல இருக்கிற குட்டியோட வயித்துலயே அடுத்த குட்டி தயாரா இருக்கும். உங்க குஞ்சுங்க தாங்காது."

உப்பு நீரில் அது செத்துவிடும். ஈரம் காய்ந்தாலும் செத்துவிடும். அதனால்தான் பதினோரு வருடங்களாக, ஆற்றுச் சங்கத் தலைவியாக, பாலத்தடியில் மருந்துத் தொட்டி வைத்துக்கொண்டு காவல் இருந்தேன். தூண்டில், வலை, பூட்ஸ் எல்லாம் அதில் நனைந்த பிறகுதான் எவரும் கரையில் இறங்கலாம். எங்கள் பாதிரியாரையே ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படியிருந்தும் வந்துவிட்டது.

தொட்டிக் கொட்டகையை என்னோடு சேர்ந்து கட்டியவன் ஹால்டோர். ஆற்றின் மேல்பகுதியில் அவனுக்கு நிலமும், மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்க நான்கு மரவீடுகளும் உண்டு. என் கணவர் இறந்தபோது சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவன். புழுதான் என்று சோதனை முடிவு வந்த அன்று மாலை என் சமையலறையில் உட்கார்ந்து வாஃபிள் தின்றுகொண்டே சொன்னான்:

"தலைவியம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? ஃபின்லாந்துல அந்தப் புழு பல ஆத்துல இருக்கு. அவங்க மீனுக்கு அது ஒண்ணும் பண்ணாது. ஆனா ஈர பூட்ஸோட யாராவது இங்க வந்தா..."

மேலே எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. என் மகள் சிவ்வின் கணவன் டாப்பியோ ஃபின்லாந்துக்காரன். அதற்கு முந்தைய வருடம் அவன் மீன்பிடிக்க வந்தபோது நான் ஊரில் இல்லை. பாலத்தடியில் எனக்குப் பதில் காவல் இருந்தது ஹால்டோர்தான்.

டாப்பியோவைப் போனில் கேட்டேன். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். "பூட்ஸ் மூணு வாரமா காய்ஞ்சு கிடந்துச்சு, போர்கில்ட். அங்க வந்தும் தொட்டியில முக்கினேன். ஹால்டோர் பாத்தாரே," என்றான். ஹால்டோரைக் கேட்டேன். "ஞாபகம் இல்லையே," என்றான்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து, என் குடும்பத்திலிருந்தே இது வந்திருக்கலாம் என்று டாப்பியோவின் பெயரைச் சொன்னேன். நேர்மையாக இருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். சிவ் அதன் பிறகு இரண்டு வருடம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அந்தப் புழுவை ஒழிக்க, அது ஒட்டிக்கொள்ள ஒரு மீன்கூட இல்லாமல் செய்ய வேண்டும். நல்ல சால்மன்கள் சிலவற்றின் முட்டைகளை எடுத்து, கழுவி, வேறொரு பண்ணையில் பத்திரப்படுத்தினார்கள். மறு வருட ஆகஸ்டில் வெள்ளை உடை போட்டவர்கள் வந்து, செடி வேரிலிருந்து எடுத்த நஞ்சை அருவியடியிலிருந்து கடல்முகம் வரை துளித்துளியாக ஆற்றில் விட்டார்கள். பக்கத்து ஓடைகளையும் ஊற்றுக்கண்களையும்கூட விடவில்லை. ஊர்க்காரர்கள் இரண்டிரண்டு பேராகக் கைவலையோடு நின்று செத்ததைப் பொறுக்க வேண்டும். எனக்கு ஜோடி ஹால்டோர்.

காலை பத்து மணிக்கு முதல் மீன்கள் மூச்சுக்குத் திணறி மேலே வந்தன. பதினொன்றுக்கு ஆறே வெள்ளை வயிறாக மிதந்தது. என் கை நீளத்துக்கு ஒரு பெண் சால்மன் கரையில் முட்டி முட்டி நின்றது. அழுதுகொண்டேதான் பொறுக்கினேன். ஹால்டோர் என் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

பிறகு மேல்மடுவிலிருந்து, அவன் நிலத்தை ஒட்டி அவனைத் தவிர யாரும் தூண்டில் போடாத இடத்திலிருந்து, நான்கு மீன்கள் மிதந்து வந்தன. வலையில் அள்ளினேன். விலாவில் ரோஜா நிறப் பட்டை. முதுகுத் துடுப்பு தேய்ந்து மொண்ணையாக இருந்தது. நெருக்கடியான குளத்தில் வளர்ந்த மீனுக்குத்தான் துடுப்பு அப்படித் தேயும்.

"ஹால்டோர், இது என்ன மீன்?"

"ட்ரவுட்."

"நம்ம ட்ரவுட்டுக்கு எப்போ விலாவுல பட்டை வந்துச்சு? இது வானவில் ட்ரவுட். நம்ம ஆத்துல எப்பவுமே கிடையாது."

அவன் மீனைப் பார்க்கவில்லை. அக்கரையைப் பார்த்தான்.

"கீழ போட்டுடு, போர்கில்ட். ஆளுங்க பாக்குறாங்க."

வலையைக் கீழே போடாமல் ஈரக் கல்லில் உட்கார்ந்தேன்.

"நாப்பது மீன்தான்," என்றான் தாழ்ந்த குரலில். "தங்க வர்றவங்க பிள்ளைங்க தூண்டில் போட்டு விளையாடட்டும்னு வீட்டுக்குப் பின்னால குளம் வெட்டினேன்ல? மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து கொண்டாந்து விட்டேன். போன வருஷம் மே மாச வெள்ளத்துல கரை உடைஞ்சு எல்லாம் ஆத்துக்குப் போயிருச்சு."

"சோதிச்ச மீனா?"

"சோதிச்ச மீனா இருந்தா மீன் தொட்டிய போர்வையால மூடியா கொண்டாருவேன்?"

"டாப்பியோ பூட்ஸ முக்குனதப் பாத்தியா, இல்லையா?"

கைவலையைக் கரையில் சாய்த்து வைத்தான். "பாத்தேன். ரெண்டு தடவ முக்கினான்."

"என் வீட்டுல உக்காந்து, என் கையால தின்னுக்கிட்டே என் மருமகனக் காட்டிக்குடுத்தியே!"

"நான் ஃபின்லாந்துல இருக்குன்னுதான் சொன்னேன். கூட்டத்துல பேரைச் சொன்னது நீ."

அவனை அடித்திருப்பேன். ஆனால் அவன் சொன்னது உண்மை. என் பிள்ளையின் கணவன் இருக்க, பக்கத்து நிலத்துக்காரனின் அரைகுறைப் பேச்சை நம்பியது நான்தான்.

நான்கு மீன்களையும் பையில் போட்டு மருத்துவப் பெண்ணிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். நான்கில் மூன்றில் புழு இருந்தது. ஹால்டோரின் குளத்தை வற்றவைத்துச் சுண்ணாம்பு போட்டார்கள், வழக்கும் பதிவானது.

மீன் பொறுக்கிய அன்று பிற்பகலே ஃபின்லாந்துக்குப் போனில் பேசினேன். டாப்பியோ எடுத்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, மன்னிப்புக் கேட்டேன்.

"என்னைப் பத்தி கூட்டத்துல சொன்னீங்க," என்றான். "இதையும் கூட்டத்துல சொல்லுங்க."

சொன்னேன். தலைவி பதவியையும் விட்டேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஹால்டோர் கெட்ட எண்ணத்துல செய்யலியே, நம்ம ஆளு," என்றார். பல தலைகள் ஆடின. டாப்பியோவுக்காக முந்தைய கூட்டத்தில் ஒரு தலைகூட ஆடவில்லை.

ஆற்றில் மீண்டும் ஒருமுறை நஞ்சு கலந்தார்கள். அடுத்த ஐந்து வருடம் குஞ்சுகளைப் பிடித்துப் பிடித்துப் பார்த்து, புழு இல்லை என்று அறிவித்தார்கள். பத்திரப்படுத்திய முட்டைகளின் வழிவந்த சால்மன்கள் இப்போது அருவியடிவரை ஏறுகின்றன. ஹால்டோர் டிராக்டரில் போகும்போது இன்னும் எனக்குக் கையசைக்கிறான், நான் திரும்புவதில்லை.

சிவ்வும் டாப்பியோவும் கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள். அவன் விறகு பிளந்து தருகிறான், சமையலைப் பாராட்டுகிறான், தட்டைக் கழுவி அடுக்குகிறான். முன்பெல்லாம் என்னைக் கிண்டல் செய்வான். இப்போது மிகுந்த மரியாதையோடு பேசுகிறான்.